கல்லிடும் குன்றில் விட்டு வந்தது

"சாமி, மாலையோட இருக்கீங்க. வேணாம்."

டீக்கடைக்காரர் இப்படிச் சொன்னபோது நான் வாய் திறந்து எதுவும் கேட்டிருக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்தில் போய் நின்றேன், கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அவருக்கு அது போதும். 2022, கார்த்திகை 3. மாலை போட்டு மூன்றாவது நாள். சிகரெட்டை நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டாவது மூன்றாவது நாள்தான் ஆளைப் புரட்டிப் போடும். தலைவலி, எரிச்சல், தூக்கம் வராது, பிள்ளை பென்சிலைக் கீழே போட்டால்கூடக் கோபம் வரும்.

அதற்கு முன் ஆறு முறை சபரிமலைக்குப் போயிருக்கிறேன். ஆறு முறையும் விரதத்தில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆறு முறையும் மாலையைக் கழற்றிய அன்றே பற்றவைத்தேன். 41 நாள் இருக்க முடிந்தவனுக்கு 42ஆம் நாள் ஏன் முடியவில்லை? என் பக்தியே பொய்யோ என்று பூஜை அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பொய் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மாலை கழுத்தில் இருக்கும்வரை ஊரே காவல் காக்கிறது. மனைவி "சாமி" என்கிறாள், பெற்ற பிள்ளை "சாமி" என்கிறான், பேருந்தில் முன்பின் தெரியாதவர் "சாமி, உட்காருங்க" என்று எழுந்து இடம் கொடுக்கிறார். விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்காலம் பூஜை, தரையில் படுக்கை. நடுவில் சிகரெட் நுழைய இடமே இல்லை. மாலை கழன்றதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். அதே டீக்கடைக்காரர் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டுவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மாலை கழன்றால் கட்டுப்பாடும் கழன்றது என்றுதானே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் எங்களை மலைக்கு அழைத்துப் போகும் மூத்தவரான குருசாமியிடம் மனசைத் திறந்து சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

"108 சரணம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுது சாமி?"

"பத்து நிமிஷம் ஆகும் சாமி."

"அந்த ஆசை வந்தா எவ்வளவு நேரம் நிக்குது?"

தெரியவில்லை. அதுவரை நின்று பார்த்ததே இல்லையே. மறுநாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சரணம் சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் ஆசை அடங்கியிருந்தது. அடுத்த முறையும் அப்படித்தான். பத்து நிமிடம் தாங்காத ஒன்றுக்கா இருபது வருடம் அடிமையாக இருந்தோம் என்று நெஞ்சு கனத்தது.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது எருமேலி போய்ச் சேர்ந்தோம். பேட்டை துள்ளி ஆடி, வாவர் பள்ளிவாசலை வலம் வந்து, பெருவழி என்னும் காட்டுப் பாதையில் நடந்தோம். பேரூர்தோடு, காளைகட்டி தாண்டி அழுதா நதி. குளிர்ந்த தண்ணீரில் முங்கி எழும்போது ஆளுக்கொரு கல் எடுப்பது வழக்கம். நான் எடுத்தது புளியங்கொட்டை நிறத்தில், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்த சின்னக் கல். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடு விரலும். நகத்தோரம் இருந்த மஞ்சள் கறை ஐம்பது நாளில் வெளுத்து, நுனியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அழுதா மேடு செங்குத்து. முந்தைய வருடங்களில் இருபது அடிக்கு ஒரு முறை நின்று, மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமியிருக்கிறேன். இந்த முறையும் நின்றேன்தான், ஆனால் இருமல் வரவில்லை. மேலே கல்லிடும் குன்று. ஐயப்பன் வதம் செய்த அரக்கி மகிஷியின் நினைவாகக் கல்லைப் போடும் இடம். எல்லோரும் போட்டுவிட்டு நடந்தார்கள். எனக்குக் கை வரவில்லை. இதைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் மறுபடியும் பற்றவைத்தால், ஐயப்பனிடம் ஏழாவது முறையாகப் பொய் சொன்னவன் ஆவேன். குருசாமி திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. "சாமியே..." என்று மட்டும் குரல் கொடுத்தார். "சரணம் ஐயப்பா" என்று சொல்லிக் கல்லைப் போட்டேன்.

கரிமலை, வலியானவட்டம், சிறியானவட்டம், பம்பை, பதினெட்டாம்படி எல்லாம் ஏதோ ஒரே மூச்சில் நடந்ததுபோல் இருக்கிறது. சன்னிதியில் நின்றது சில நொடிகள்தான், அங்கே எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நெய்யபிஷேகம் முடிந்து தேங்காய் மூடியை ஆழி என்னும் நெருப்புக் குண்டத்தில் போட்டேன். நெய் ஆத்மா, தேங்காய் உடம்பு என்பார்கள். மூடி எரிந்து புகை முகத்தில் அடித்தது. அந்தப் புகை என்னை எதற்கும் இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போனேன். "அண்ணே, மாலை இல்லேன்னாலும் எனக்குத் தராதீங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், "சரி சாமி" என்றார். இன்றுவரை தரவில்லை. மனைவியிடமும் சொல்லிவைத்தேன். விடியற்காலைக் குளியலையும் 108 சரணத்தையும் நிறுத்தவில்லை. குருசாமி இப்போதும் என்னை எங்கே பார்த்தாலும் சாமி என்றுதான் அழைக்கிறார்.

மாசி மாதம் ஒரு துக்க வீட்டில், சுற்றிலும் எல்லோரும் புகைத்துக்கொண்டிருந்தபோது, கை நீண்டுவிட்டது. வாங்கி விரலில் பிடித்தும் விட்டேன். பற்றவைக்காமல் கீழே போட்டுவிட்டு, அடுத்த நாள் டாக்டரிடம் போனேன். உடம்பின் தேவை சில வாரங்களிலேயே அடங்கிவிடும், டீ, துக்கம், கூட்டம் என்று பழக்கம் ஒட்டிக்கொண்ட இடங்கள்தான் பல மாதம் பிடித்து இழுக்கும் என்றார். அவசரத்துக்கு நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். விட்டு ஒரு வருடம் ஆனால் புகைப்பவர்களோடு ஒப்பிடும்போது மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறையும் என்றும் சொன்னார். ஐயப்பனை நம்புகிறவன் மருந்தைத் தேடலாமா என்று ஒரு சாமி கேட்டார். வழியெல்லாம் "தேகபலம் தா, பாதபலம் தா" என்று கேட்டது நான்தானே. கொடுப்பவன் எந்தக் கை வழியாகக் கொடுத்தால் என்ன? 1800-11-2356 என்று அரசின் கட்டணமில்லாத உதவி எண்ணும் இருக்கிறது. மாலை கழற்றும் சாமிகள் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் கரிமலை ஏற்றத்தில், முதல் முறை மலைக்கு வந்த ஒரு கன்னிசாமி பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். அந்த இருமலை எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, இருமுடி சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

"மாலை கழற்றினதும் என்ன ஆகும்னு பயமா இருக்கு சாமி" என்றார், நான் கேட்காமலே.

என் எண்ணை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். "கழற்றின அன்னிக்கு, டீ குடிக்கப் போறதுக்கு முன்னால கூப்பிடுங்க."

எழுந்தோம். "தூக்கி விடப்பா" என்றேன். "ஏத்தி விடப்பா" என்றார்.

தை 3 அன்று மதியம் அவர் கூப்பிட்டார்.