எலிப் பல்லும் ஒரு கேள்விக்குறியும்

ஊரில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் "ஜியாலஜி" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அடுத்த கேள்வி போர் போட எங்கே தண்ணீர் வரும் என்பதாக இருக்கும். அதைச் சமாளித்துவிடலாம். மண்ணைக் கழுவி, செத்து ஒரு கோடி ஆண்டுக்கு மேலான எலிகளின் பல்லைப் பொறுக்குகிறேன் என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். ஃபோன் செய்தால் முதல் கேள்வியே, "இன்னும் எலிப் பல்லுதான் எண்ணிக்கிட்டு இருக்கியா?"

"ஆமாம்மா."

"உசுரோட இருக்கற எலியப் புடிச்சாலாவது நாலு வீட்டுக்கு உபயோகம்."

ஜம்முவில் உதம்பூர் மாவட்டத்து ராம்நகர்தான் எங்கள் களம். இமயமலையின் காலடியில் பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலம் தொடங்கிக் கிழக்கே நீளும் சிவாலிக் படிவுகளில் அதுவும் ஒரு துண்டு. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் இறுகிப் பாறையாகி, பின்பு மலையோடு மலையாகத் தூக்கப்பட்டவை. ராம்நகர்ப் பாறைகளின் வயது ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் ஆண்டு. 2020-இல் அறிவிக்கப்பட்ட காபி ராம்நகரென்சிஸ் என்ற சிறிய வாலில்லாக் குரங்கு இங்கே கிடைத்தது; அதுவும் ஒற்றைக் கடைவாய்ப்பல்லாகத்தான். யானை, காண்டாமிருகம் தேடுபவர்கள் சரிவில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார்கள். எலி தேடுகிறவன் சேற்றின் நிறத்தைப் பார்க்க வேண்டும். செம்மண் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவோம். சாம்பல் நிறமாக, நத்தை ஓட்டுத் தூள் கலந்து இருந்தால் உட்கார்ந்து சாக்கை விரிப்போம். பல் இருக்கிறதா இல்லையா என்று அங்கே தெரியாது. மூட்டை கட்டித் தோளில் ஏற்றி, ஜீப்புக்கு இறக்கி, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கழுவி முடித்த பிறகுதான் தெரியும்.

கழுவுவது ஒரு தனிக் கலை. முதலில் வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் களி கரையாது. காய்ந்த கட்டியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கட்டி தானாக உடைந்து சேறாகும். அதை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டு அலச வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இந்த வேலை தொடங்கும். இரண்டு வாரத்துக்கு என் சட்டை, தலைமுடி, சப்பாத்தி எல்லாமே மண்ணெண்ணெய்தான். கடைசியில் முப்பது கிலோ மூட்டை ஒரு கைப்பிடி மணலாகி நிற்கும். அதைக் கட்டம் போட்ட தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழே ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும். பல் கிடைத்தால் மெல்லிய பிரஷ்ஷின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒற்றி எடுப்போம். பிறகு அதைக் குண்டூசித் தலையில் பசை வைத்து நிறுத்துவோம். நாக்கில் தொடக் கூடாது என்றுதான் சொல்லித் தந்தார்கள். எல்லோரும் தொடுகிறோம்.

எலும்பு நொறுங்கிவிடும், எனாமல் நிற்கும். அதனால்தான் எங்களுக்குப் பல்லை விட்டால் கதியில்லை. இதில் கூகைக்கும் பங்குண்டு. எலியை முழுசாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும் பறவை அது. புதைபடிவத்தில் ஒரே இடத்தில் குவிந்து கிடைக்கும் சிறுபற்களில் கணிசமானவை இப்படி ஏதோ ஒரு வேட்டைக்காரப் பறவையோ விலங்கோ தின்று போட்டவை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மாதம் பாழடைந்த கட்டடங்களில் கூகை உருண்டை பொறுக்கி, ஊறவைத்துப் பிரித்து, இன்றைய எலிகளின் மண்டையோடுகளை ஒப்பீட்டுக்காக அடுக்கினேன். வெள்ளெலி, வயலெலி, சுண்டெலி, நடுநடுவே மூஞ்சூறு. மூஞ்சூறை நானும் எலிப் பெட்டியில்தான் போட்டேன். அது கொறித்துண்ணியே இல்லை, அதன் பல் பூச்சியைக் கடித்து நொறுக்கும் ஊசிமுனைப் பல் என்று எடுத்துத் தனியே வைத்தார்கள். பிள்ளையார் வாகனத்துக்கு வந்த சோதனை.

எந்தக் குடும்பத்துப் பல் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. சயிமிஸ் என்ற கொறித்துண்ணியின் பல்லைப் பார்த்ததுமே தெரியும். பக்கவாட்டில் ஆழமாக மடிந்திருக்கும். அதன் இன்றைய உறவினர்களான கண்டிகள் என்ற கொறித்துண்ணிகள் ஆப்பிரிக்காவில் மட்டும் வாழ்கின்றன. சிவாலிக்கில் வாழ்ந்த பாராவுலகோடஸின் உறவான கரும்பெலியும் இப்போது ஆப்பிரிக்காவோடு சரி. மூங்கிலெலி வகையைச் சேர்ந்த கனிசாமிஸ், அணில்கள் எல்லாம் இரண்டாவது மாதத்திலேயே பழகிவிட்டன. என் தூக்கத்தைக் கெடுத்தது சுண்டெலிக் கூட்டம்தான்.

சுண்டெலியின் மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் முகடுகள் குறுக்காக மூன்று வரிசையாக நிற்கும். அவற்றுக்கு டி1 முதல் டி9 வரை எண். 1912-இல் கெரிட் மில்லர் என்ற விலங்கியலாளர் வைத்த முறை. சுண்டெலிக் கூட்டத்துக்கு முந்தைய எலிகளுக்கு நாக்குப் பக்கத்து முகடுகள், அதாவது டி1-உம் டி4-உம், கிடையாது. போட்வாரில் கிடைத்த பற்களை வயது வரிசையில் வைத்தால் அந்த முகடுகள் முளைத்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். போட்வாரின் சின்ஜிப் படிவுகளிலிருந்து தொல்லுயிர் ஆய்வாளர் லூயி ஜேக்கப்ஸ் 1977-இல் பெயரிட்ட ஆன்டெமஸ் என்ற எலியில் அவை இருக்கின்றன, ஆனால் டி1-க்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஆண்டுக்கு முந்தைய புரோகோனோமிஸில் பள்ளம் மறைந்து வரிசை இணைந்துவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் பல்லில் அந்தப் பள்ளம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் தேய்மானம் வேறு. எலி கிழடாகும்போது முகடுகள் தேய்ந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். கிழட்டு ஆன்டெமஸ் இளம் புரோகோனோமிஸ் மாதிரி வேஷம் போடும். ஒரே ஒரு பல்லை வைத்துக்கொண்டு பேர் வைக்காதே என்பார்கள். பல சமயம் கையில் இருப்பது ஒன்றுதான்.

அப்படி ஒரு நாள் ராம்நகர் மூட்டை ஒன்றில் ஒற்றைப் பல் கிடைத்தது. ஒன்றரை மில்லிமீட்டர். மூன்று வரிசையும் கச்சிதமாக இணைந்திருந்தன. என் காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது. 1 கோடியே 30 லட்சம் ஆண்டுப் பாறையில் இவ்வளவு முன்னேறிய பல் என்றால் எத்தனையோ பேருடைய வரிசையைத் திருத்த வேண்டியிருக்கும். படம் வரைந்தேன், அளந்தேன். சீட்டில் "புதிய இனம்" என்றே எழுதிவிட்டு, சாரைக் கூட்டிவந்தேன்.

அவர் முகடுகளைப் பார்க்கவேயில்லை. குண்டூசியைத் திருப்பி வேர்ப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு நகர்ந்து, என்னைப் பார்க்கச் சொன்னார். வேரின் துளைக்குள் காய்ந்த சதையின் பழுப்பு நிறத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதே மூட்டையில் கிடைத்த மற்ற பற்கள் தாது ஏறிக் கறுப்பும் காப்பி நிறமுமாக இருக்க, இது மட்டும் தந்தம் போல வெளுத்து, விளக்கை அடியில் வைத்தால் ஒளி ஊடுருவியது.

"இது செத்து எத்தனை வருஷம் ஆகும்னு நினைக்கிற?" என்று இந்தியில் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. டி1 பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது, பல்லின் முன்பக்கம் நீண்டிருந்தது, டி7 இல்லை. மூன்றும் இன்றைய மஸ் பேரினத்தின் அடையாளம், நானே கூகை உருண்டையிலிருந்து பிரித்து அடுக்கிய அதே சுண்டெலி. பாறையின் மேல்தோலைச் சுரண்டித் தள்ளாமல் நான் அள்ளிய மூட்டை அது. பக்கத்தில் வளை இருந்ததா என்று அன்றைக்குப் பார்க்கவும் இல்லை. சார் திட்டவில்லை. தேநீர் வாங்கிவரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஒரு எலிப் பல்லுக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று தோன்றலாம். மரபணுவை வைத்து விலங்குகள் பிரிந்த காலத்தைக் கணக்கிடுபவர்களுக்குக் கடிகாரத்தைச் சரிசெய்ய எங்காவது ஒரு தேதி வேண்டும். எலியும் சுண்டெலியும் பிரிந்தது 1 கோடியே 20 லட்சம் ஆண்டுக்கு முன்பு என்ற தேதியை அவர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்தினார்கள். அது வந்தது போட்வார்ப் பற்களிலிருந்து. 2015-இல் யூரி கிமுராவும் ஜேக்கப்ஸ் உள்ளிட்ட சகாக்களும் அதே பற்களை மறுபடி ஆராய்ந்து, அங்கே தெரியும் பிரிவு எலிக்கும் சுண்டெலிக்கும் இடையிலானது இல்லை, சுண்டெலியின் வழிக்கும் ஆப்பிரிக்கப் புல்லெலியின் வழிக்கும் இடையிலானது என்று காட்டினார்கள். தேதி ஏறக்குறைய அதேதான், கிளை மாறிவிட்டது. பெயர் வைத்தவரே கூட இருந்து திருத்தியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த மூட்டையை மிச்சம் வைக்காமல் பொறுக்கினேன். சந்தேகத்துக்கு இடமில்லாத கறுப்பு நிறத்தில் இன்னொரு மேல்தாடைப் பல் கிடைத்தது. டி4 இருக்கிறது. டி1 இருக்க வேண்டிய மூலை உடைந்துபோயிருக்கிறது. பள்ளம் இருந்ததா, வரிசை இணைந்திருந்ததா என்று சொல்ல எது வேண்டுமோ அந்த மூலைதான் இல்லை. நான்கு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் விளிம்பில் பள்ளத்தின் தொடக்கம் தெரிவது போலிருக்கும். விளக்கை நகர்த்தினால் அது வெறும் விரிசல்.

சீட்டில் "ஆன்டெமஸ்" என்று எழுதிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு டிராயரில் வைத்தேன். அன்று ராத்திரி அம்மா கேட்டபோது, "இன்னைக்கு ஒண்ணுதான்மா, அதுவும் உடைஞ்சது" என்றேன்.