வீட்டுக் கரண்டில் திரீ பேஸ் மெசின்: முதலில் மோட்டர் தகட்டை வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மரவேலை செய்கிற பொடியள் பலரிடம் நல்ல மெசின் இருக்கிறது. யப்பானிலிருந்து வந்த பழைய மெசினைக் கொழும்பில் எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் மூடிப்போன பட்டறை ஒன்றில் மலிவாக வாங்கியிருப்பார்கள். கொட்டிலுக்குள் இறக்கிய பிறகுதான் தெரியவரும், அது மூன்று லைனில் கரண்ட் கேட்கிற திரீ பேஸ், வீட்டில் இருப்பதோ ஒரே லைனில் வருகிற 30 அம்பியர் சிங்கிள் பேஸ். புது லைன் இழுக்கிற செலவைக் கேட்டதும் சாக்கால் மூடி வைத்துவிடுகிறார்கள். முதிரை, பாலை மரங்களைக் கையால் சீவி முதுகு முறிகிற ஒருவனின் வளவிலேயே சீவுற மெசின் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மோட்டரில் அடித்திருக்கிற தகட்டைத் துடைத்து வாசியுங்கள். முக்கோணமும் நட்சத்திரமும் போட்டு 230/400 என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. மோட்டரின் மூடியைக் கழற்றினால் ஆறு முனைகள் இரண்டு வரிசையாக இருக்கும், ஒரு வரிசையின் மூன்று முனையையும் செப்புத் தகடு பக்கவாட்டில் இணைத்திருந்தால் அது நட்சத்திரம், 400 வோல்ட்டுக்கு. அந்தத் தகடுகளைக் கழற்றி மேலும் கீழுமாக நிமிர்த்திப் பூட்டினால் முக்கோணம், 230 வோல்ட்டுக்கு. 400/690 என்றிருந்தால் 230 வோல்ட்டில் ஓட்டுகிற இந்த வழி சரிவராது. யப்பான் மோட்டர்கள் பெரும்பாலும் 200 வோல்ட், அவற்றையும் ஓட்டலாம்.

"அண்ணை, கபசிற்றர் போட்டா ஓடும் எண்டு சொல்லீனம், உண்மையோ?" என்று கேட்கிறார்கள். ஓடும். கபசிற்றர் என்பது மின்னைத் தேக்கி விடுகிற சிறு உருளை, மோட்டர் வலுவில் ஒரு கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபரட் அளவில் போட்டால் மோட்டர் சுற்றும். ஆனால் புறப்படுகிற இழுவை குறைவு, முழுப் பலமும் வராது, பாரம் கூடிக்குறைய மூன்று சுருளிலும் கரண்ட் ஒரேயளவாகப் போகாமல் மோட்டர் சூடாகும். காற்றாடி மாதிரிச் சீரான பாரத்துக்குப் பரவாயில்லை, காய்ந்த பாலைப் பலகையைத் தள்ளுகிற மெசினுக்கு வேண்டாம்.

மோட்டருக்குப் போகிற கரண்டை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வி.எஃப்.டி. என்ற பெட்டிதான் என் தெரிவு. ஒரு பக்கம் வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் மறுபக்கம் 230 வோல்ட் திரீ பேஸ் தரும், 2.2 கிலோவாட் வரை, அதாவது 3 குதிரைவலு வரை, இலகுவாகக் கிடைக்கிறது. மோட்டரை மெதுவாக வேகமெடுக்க வைப்பதால், நேரே சுவிச் போட்டால் ஐந்தாறு மடங்கு இழுக்குமே, அந்த அடி வீட்டு லைனுக்கு விழாது. யப்பான் மோட்டரென்றால் தகட்டில் உள்ள 200 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதை வி.எஃப்.டி.யில் பதிந்துவிட வேண்டும். பெரிய சில்லுள்ள வாள் மெசினை உடனே நிறுத்தச் சொன்னால் அதன் சுழற்சி திரும்பிக் கரண்டாக வந்து வி.எஃப்.டி. பிழை காட்டி நிற்கும், தானாகச் சுழன்று நிற்க விடுங்கள்.

வி.எஃப்.டி. பெட்டிக்கும் மோட்டருக்கும் நடுவில் சுவிச் வைக்கவே கூடாது, ஓடுகிறபோது அதைத் தட்டினால் உள்ளே எரிந்துபோகும். முழுப் பாரத்தில் 20 அம்பியருக்கு மேலேயும் இழுக்கும் என்பதால் மெயின் சுவிச்சிலிருந்து 7/1.04 வயரில் (1.04 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை) தனி லைன் போட்டு, ஏர்த்தையும் சரியாகக் கொடுங்கள், தெரிந்த எலெக்ரீசியனைக் கொண்டே செய்யுங்கள். நிறுத்திய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பத்து நிமிடமாவது போகாமல் மூடியைத் திறக்காதீர்கள், இதில் உயிர் போகலாம். மரத்தூள் போகாத இடத்தில் மாட்டுங்கள்.

லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் பின்னேரம் வோல்ட் இறங்குவது எங்கள் பக்கம் தெரிந்ததுதான். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் மோட்டரின் இழுவை மூன்றில் இரண்டாகிவிடும், வி.எஃப்.டி. போட்டாலும் வராத வோல்ட்டை அது உண்டாக்காது. கனமான சீவலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3 குதிரைவலுவுக்கு மேலென்றால் வீட்டு இணைப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். வாசலில் உள்ள கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள், இரண்டு கம்பி மட்டும் போனால் அது சிங்கிள் பேஸ் லைன், நான்கோ ஐந்தோ போனால் திரீ பேஸ் உங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது, மின்சார அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.