எங்கள் பாண்ட் மாஸ்டர் காட்டிய எலிங்டன்

அணிநடைப் பாடல்களை மட்டும் பழக்கிவிட்டு எங்கள் பாண்ட் மாஸ்டர் போயிருக்கலாம். கல்லூரியும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் 1963இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் தம் குழுவோடு இலங்கைக்கு வந்தபோது கொழும்பில் நேரில் கேட்டவர் அவர். பல ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பயிற்சி நேரம் முடிந்துவிடும்.

ஒரு நாள் சிரட்டை ஒன்றோடு வந்தார். ட்ரம்பெட்டின் வாயை அதனால் பொத்தியும் திறந்தும், தொண்டைக்குள் உறுமிக்கொண்டே ஊதினார். கருவி ஆள் பேசுவதுபோல் பேசியது. கெஞ்சியது, சண்டை பிடித்தது. "பபர் மைலி இதைக் கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணத்தால் செய்தார்" என்றார். மைலி, எலிங்டனின் தொடக்க காலக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர். 29 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் குழு 1927 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் மேடையேறியது. மதுவிலக்குக் காலம் அது. கிளப்பை நடத்தியவர் ஓனி மேடன் என்ற கள்ளச் சாராயப் புள்ளி. கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் நடுவே, மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர்கள். மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். அலங்காரம்கூட அடிமைக் காலத் தோட்டத்தை நினைவூட்டுவதாக இருந்தது. இந்த அநியாயத்தை மாஸ்டர் ஒருபோதும் மழுப்பிச் சொன்னதில்லை.

அந்த மேடையைத்தான் எலிங்டன் தம் பட்டறையாக்கிக்கொண்டார். புதிய புதிய ஆட்டங்களுக்கு இசை தேவைப்பட்டது, எழுதிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்பு அவரை நாடறியச் செய்தது. 1930இல் வந்த 'மூட் இண்டிகோ'வின் தொடக்கத்தைக் கேளுங்கள். வழக்கமாக மேலே ஒலிக்கும் கிளாரினெட்டை அடியில் இறக்கிவிட்டு, வாய் பொத்திய ட்ராம்போனை ட்ரம்பெட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருப்பார். மூன்றே கருவிகள்தான், ஆனால் நான்காவது ஒன்றும் ஒலிப்பதுபோல் இருக்கும். அதற்கு இணையான தொடக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அவர் கருவிக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். இசைத்தாள்களில் கருவியின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரே இருக்கும். 1927இல், 17 வயதில் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் ஹாரி கார்னி, 1974இல் எலிங்டன் இறக்கும்வரை அவரோடேயே இருந்தார். தன் குரலை அறிந்து எழுதுகிறவரை விட்டு யார்தான் போவார்?

எங்கள் மாஸ்டரும் தாள்களில் எங்கள் பெயர்களைத்தான் எழுதினார். எனக்குக் கீழ்ச் சுரங்களில்தான் நாதம் நிறைந்து வரும். எனக்கென்று எழுதிய தாளில் எட்டாத சுரம் ஒன்றுகூட இருக்கவில்லை. பக்கத்திலிருந்தவனுக்கு உச்சத்தில் பிடி அதிகம். அவனுடைய தாள் வேறு.

இப்போது கல்லூரி பாண்டுக்குப் புதிய கருவிகள் வாங்கி அனுப்பப் பழைய மாணவர் சங்கம் நிதி திரட்டுகிறது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன். கருவிகளோடு எலிங்டனின் 1927 முதல் 1931 வரையிலான ஒலிப்பதிவுகளையும் அனுப்பும்படி செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். சிரட்டை அங்கேயே கிடைக்கும்.