ஞாயிறுதோறும் ஒரு படிவம்: வாஷிங்டன் பெய்டு லீவ் நாட்குறிப்பு

2026 ஜனவரி 4, ஞாயிறு

புது வருடம் பிறந்தால் சியாட்டில், பெல்வியூ பக்கம் ஒரே கேள்விதான் சுற்றும்: "நான் வந்து ஆறு மாசம்தான் ஆச்சு, எனக்குக் கிடைக்குமா?" வாஷிங்டன் மாநிலத்தின் பெய்டு லீவ் திட்டம் (குழந்தைப் பிறப்பு, நோய், குடும்பத்தாரைக் கவனிப்பது போன்றவற்றுக்கு எடுக்கும் லீவுக்கு மாநிலம் பணம் தருவது) எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்பதில்லை. 820 மணி நேரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதுவும் வாஷிங்டனில் உழைத்த மணி நேரமாக இருக்க வேண்டும். டெக்ஸாஸிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு அங்கே பார்த்த வேலை கணக்கில் சேராது. வாஷிங்டன் மாநிலத்திலேயே உள்ள வான்கூவரில் (கனடாவில் இருப்பது அல்ல) குடியிருந்துகொண்டு ஆற்றைத் தாண்டி போர்ட்லண்டில் வேலை பார்ப்பவரின் மணி நேரம் ஆரிகன் திட்டத்துக்குப் போய்விடும்.

முதலில், முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முந்தைய நான்கை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் 820 தேறாவிட்டால் முடிந்த கடைசி நான்கை எடுப்பார்கள். 2025 ஜூலை தொடக்கத்தில் சேர்ந்தவர் இந்த மாதம் கிளெய்ம் போட்டால், முதல் வழியில் ஜூலை-செப்டம்பர் மட்டும்தான் சிக்கும். 13 வாரம், வாரம் 40 மணி, ஆக 520. போதாது. இரண்டாவது வழியில் அக்டோபர்-டிசம்பரும் சேர்ந்து 1,040. தாராளமாகத் தகுதி உண்டு.

இரண்டு பார்ட் டைம் வேலை என்றால் இரண்டின் மணி நேரமும் கூடும். எச்-1பி விசாவா, எச்-4 இஏடியா (துணைவர் விசாவில் இருப்பவருக்கான வேலை அனுமதி) என்பது இந்தக் கணக்கில் வராது. சம்பளத்தில் பிரீமியம் பிடித்து நடத்தும் காப்பீடு இது. கேட்டு வாங்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

2026 ஜனவரி 7, புதன்

மேலே சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசிக் காலாண்டின் மணி நேரத்தையும் சம்பளத்தையும் நிறுவனம் மாநிலத்துக்கு அனுப்ப ஜனவரி இறுதிவரை அவகாசம் இருக்கிறது. அதற்கு முன்பே கிளெய்ம் போட்டால் கணினியில் 520 மட்டும் தெரியும், "தகுதி இல்லை" என்று கடிதம் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பே ஸ்டப்களை (சம்பளச் சீட்டுகளை) அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பணம் வந்துகொண்டிருக்கும்போது நிறுவனம் தன் அறிக்கையைத் திருத்தி, மணி நேரம் 820-க்குக் கீழே போனால், கொடுத்தது முழுவதும் ஓவர்பேமென்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டிய கூடுதல் பணம், ஆகிவிடலாம். ஊழியர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். ஆகவே கிளெய்ம் முடிந்த பிறகும் பே ஸ்டப்களைத் தூக்கிப் போட வேண்டாம்.

2026 ஜனவரி 11, ஞாயிறு

விண்ணப்பம் ஒருமுறைதான். வாராந்தரக் கிளெய்ம் லீவ் முடியும்வரை வாரா வாரம். ஞாயிறு முதல் சனி வரை ஒரு வாரம். அது முடிந்த பிறகுதான் அதற்கான படிவம். ஓவர்பேமென்ட் எளிதில் பிறக்கும் இடம் இந்தப் படிவம்.

தொகை எப்படி வருகிறது? சம்பளம் அதிகமாக இருந்த இரண்டு காலாண்டுகளைக் கூட்டி 26-ஆல் வகுப்பார்கள். காலாண்டுக்கு 9,100 டாலர் என்றால் 18,200-ஐ 26-ஆல் வகுத்து வாரம் 700. மாநிலச் சராசரி வாரச் சம்பளத்தில் பாதிவரை 90 சதவீதம் கிடைக்கும் என்பதால் இவருக்கு 630. அந்தப் பாதிக்கு மேல் உள்ள சம்பளத்துக்கு 50 சதவீதம்தான், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு.

இந்த 630 முழு வாரமும் லீவில் இருந்தால்தான். வழக்கமாக 40 மணி வேலை செய்பவர் ஒரு வாரம் 16 மணி அலுவலகம் போனார், 24 மணி லீவ் என்று வைத்துக்கொள்வோம். 630-ஐ 24-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 378. பழக்கதோஷத்தில் போன வாரம் போலவே 40 என்று தட்டிவிட்டால் 252 டாலர் கூடுதலாக வந்துவிடும். ஒரே ஒரு கட்டத்தில் ஓர் எண் தவறியதற்கு!

ஒரு வாரத்தில் குறைந்தது எத்தனை மணி கோரலாம் என்பதும் மாறியிருக்கிறது. போன வருடம்வரை 8 மணி, இந்த ஜனவரி 1 முதல் 4 மணி.

2026 ஜனவரி 13, செவ்வாய்

பி.டி.ஓ. (பெய்டு டைம் ஆஃப், அதாவது நிறுவனமே சம்பளத்துடன் தரும் விடுப்பு) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

லீவில் இருக்கும்போது நிறுவனம் உங்கள் இருப்பிலிருந்து சிக் லீவோ வெகேஷனோ எடுத்துச் சம்பளம் போட்டால், அதற்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஒன்று வெறும் பெய்டு டைம் ஆஃப்: அந்த மணி நேரத்தைப் படிவத்தில் காட்ட வேண்டும், தொகை குறையும். இன்னொன்று சப்ளிமென்டல் பெனிஃபிட், அதாவது மாநிலம் தருவதற்கு மேல் நிறுவனம் ஈடுகட்டும் தொகை: இதற்காகத் தொகை குறையாது. வருவது அதே இருப்பிலிருந்து, அதே பணம்தான். ஆனால் நிறுவனம் அதை சப்ளிமென்டல் என்று குறித்திருக்க வேண்டும். குறிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஊழியருக்கும் கட்டாயம் இல்லை.

பே ஸ்டப்பில் பெரும்பாலும் "சிக்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். ஆறு வாரம், வாரத்துக்கு 8 மணி சிக் லீவ் தானாக விழுந்திருக்கிறது, ஊழியர் "பி.டி.ஓ. இல்லை" என்று போட்டிருக்கிறார் என்றால், வாரம் 630 வாங்குபவருக்கு வாரம் 126 டாலர் கூடுதலாக வந்திருக்கும், மொத்தம் 756. அது சப்ளிமென்டல் என்றால் ஒரு டாலர்கூடக் கடன் இல்லை. அதனால் லீவ் தொடங்கும் முன்பே எச்.ஆரிடம் கேளுங்கள்: "என் லீவ் காலத்தில் போடும் சிக் லீவ் சப்ளிமென்டலா?" பதில் மின்னஞ்சலில் வரட்டும். வாய்வார்த்தை பிறகு எதற்கும் உதவாது.

2026 ஜனவரி 18, ஞாயிறு

வேலையிடத்துக் காயத்துக்கு இழப்பீடோ, வேலையின்மைப் பணமோ வாங்கும் வாரத்துக்குப் பெய்டு லீவ் கிடையாது. இரண்டும் வந்தால் ஒன்று திரும்பப் போகும்.

2026 ஜனவரி 22, வியாழன்

ஓவர்பேமென்ட் கடிதம் வந்தால் கை நடுங்கத்தான் செய்யும், குறிப்பாகக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில். முதலில் எந்தெந்த வாரம், என்ன காரணம் என்று பாருங்கள். அந்த வாரங்களின் பே ஸ்டப்பைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

கணக்கே தவறு என்றால் அப்பீல். முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாள், கடிதத்தைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. கணக்கு சரிதான், ஆனால் தவறு உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்டினால் குடும்பம் தாங்காது என்றால் வேவர், அதாவது தள்ளுபடி. இரண்டும் வேறு வேறு. வேவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் அப்பீலுக்கான 30 நாள் கரைந்துகொண்டே இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டுக்கும் இடமிருந்தால் இரண்டையும் கேளுங்கள். எதுவும் கைகூடாவிட்டால் தவணைத் திட்டம் உண்டு.

லீவ் இன்னும் மீதமிருந்தால், அப்பீல் நடக்கும்போதும் வாராந்தரக் கிளெய்மை நிறுத்தக் கூடாது. ஜெயித்தாலும் படிவம் போடாத வாரத்துக்குப் பணம் கேட்பது பெரும்பாடு.

2026 ஜனவரி 25, ஞாயிறு

சீக்கிரம் வேலைக்குத் திரும்பியவர்களுக்கு ஒரு வரி. புதன்கிழமை திரும்பினால் அந்த வாரத்தின் புதன், வியாழன், வெள்ளி வேலை மணி நேரம்: 24 உழைத்தது, 16 லீவ். அதே 630 டாலர்காரருக்கு அந்த வாரம் 630 அல்ல, 252.