தறப்பாளில் தைத்த பாய்

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் ஓடும் எங்கள் 13 அடித் தோணிக்கு இஞ்சின் கட்டுப்படியாகவில்லை. சரி, பாய் கட்டுவோம் என்று இறங்கினேன்.

முதல் பாய் ஒரே நாளில் முடிந்தது. வீட்டில் கிடந்த தறப்பாளை நாலு மூலையாக, நேர்விளிம்பாக வெட்டி மூங்கிலில் கட்டினேன். பின்காற்றில் நன்றாகத்தான் இழுத்தது. காற்றுக்குக் குறுக்கே திருப்பியதும் தோணி சரிந்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனது. இளமையில் பாய்த்தோணி ஓட்டிய பெரியப்பா கரையில் பாயைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, பாய்க்கு வயிறு வேணும். இது பலகை மாதிரியெல்லோ கிடக்குது."

அவர் சொன்னபடி 7 அடி மேல்விளிம்பை நடுவில் 3 அங்குலம் வெளியே வளைத்து வெட்டினேன். வளைந்த விளிம்பை நேரான மூங்கிலோடு இழுத்துக் கட்டினால், மிஞ்சும் துணி கீழே இறங்கி வயிறாகும். முற்றத்து வேம்பில் தூக்கிப் பார்த்தோம், அழகாக உப்பியது. ஆனால் தண்ணீரில், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பலத்ததும் மூங்கில் வில்லாக வளைந்து அந்த 3 அங்குலத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அப்புறம்தான் மூங்கிலின் இரு நுனியையும் கல்லில் ஏற்றி, நடுவில் மண்மூட்டை தொங்கவிட்டு அளந்தேன். 2 அங்குலம் தாழ்ந்தது. மூன்றாவது பாயை 5 அங்குல வளைவோடு வெட்டினேன்.

தையலும் பாடாய்ப் படுத்தியது. மெஷினில் நெருக்கமாக அடித்த தையல் தபால் முத்திரைத் தாள் மாதிரி ஊசித்துளை வழியே கிழிந்தது. விளிம்பை இரண்டு மடிப்பு மடித்து, கோணூசியில் நைலோன் நூல் கோத்து அகலமாகக் கையால் தைத்தேன். மூலைகளுக்குத் துளையே போடவில்லை. உருண்டைக் கல்லொன்றைத் தறப்பாளுக்குள் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டேன். இழுக்க இழுக்க இறுகும். நான் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது இந்த மூலைதான்.

பக்கவாட்டில் போவதைத் தடுக்க, காற்றுக்கு மறுபக்கம் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினோம். பாயின் இரு பக்கமும் பொலித்தீன் கீலங்கள் கட்டினேன். காற்றுப் படாத பின்பக்கக் கீலம் துடித்தால் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கொஞ்சம் இளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பின்னோக்கிப் பறந்தால் பாய் சரியாக இழுக்கிறது.

மூன்றாவது பாயோடு இறங்கிய அன்று கீலங்கள் அப்படியே பறந்தன. வட்டுவாகல் பாலம் தெரியும்வரை குறுக்கே ஓடி, அதே காற்றில் திரும்பி வந்தோம். பெரியப்பா சுக்கானை என்னிடம் தரவே இல்லை.