உபினில் தமிழில் வழிகாட்டப் பழகிய எட்டு மாதங்கள்

சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாகத் தர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின் தீவு வந்துவிடும். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த நான் நாற்பத்தாறு வயது வரை அந்தப் படகில் ஏறியதே இல்லை. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போனதுதான் முதல் தடவை. தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிள்ளைகளுக்குக் கடற்புல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு தொண்டூழியர். திரும்பும் படகில் அவரிடம், நானும் இதைச் செய்யலாமா என்று கேட்டேன். தனியாக ஒரு குழுவை அழைத்துப் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. தமிழில் வழிகாட்ட இன்னும் ஆள் வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி என்றால் வகுப்பறை கிடையாது. மூத்த வழிகாட்டிகளின் பின்னால் நான்கு முறை நடக்க வேண்டும், அப்புறம் அவர்கள் முன்னால் ஒருமுறை நாம் நடத்திக்காட்ட வேண்டும். முதல் நாள் அந்த ஆசிரியை உயிரினங்களின் பெயர் எதையும் சொல்லித்தரவில்லை. 2001-ஐப் பற்றித்தான் பேசினார். செக் ஜாவாவை மண் கொட்டி மூடி நிலமாக்கும் திட்டம் அப்போது முடிவாகியிருந்தது. தாவரவியலாளர் ஜோசப் லாய் அந்தக் கரையின் வளத்தை எடுத்துச் சொல்ல, அருங்காட்சியகத்தாரும் இயற்கை ஆர்வலர்களும் மாணவர்களும் வற்று நேரத்தில், அதாவது கடல் நீர் உள்வாங்கியிருக்கும்போது, இறங்கி, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவு செய்தார்கள். கேள்விப்பட்ட பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள், கடிதம் எழுதினார்கள். 2002 ஜனவரியில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது.

"தள்ளிவைத்தது. ரத்து செய்யவில்லை. அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள்" என்றார்.

2007 தொடக்கத்தில் நடந்ததை அவர் சொன்னபோது குரல் கம்மிப்போனது. தொடர் மழையால் மலேசியாவின் ஜொகூர் ஆற்றின் வெள்ளம் நன்னீராகவே வந்து கரையை மூடியது. உப்பு குறைந்த நீரில் கடற்சாமந்திகள் வெளுத்துப்போயின, நட்சத்திர மீன்கள் செத்து ஒதுங்கின. மாதாமாதம் போய்ப் பார்த்துக் குறித்துவைத்தவர்கள் இருந்ததால்தான் எது போனது, எது திரும்பி வந்தது என்று தெரிந்தது. அதே ஆண்டில்தான் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைபாலமும் திறக்கப்பட்டது. நாங்கள் ஆட்களை அழைத்துப்போவது அதன் மேல்தான்.

என் சோதனை நடை நன்றாகப் போகவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு மரத்தைக்கூட விடாமல் சொன்னேன். முடிந்ததும் ஆசிரியை, "நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள், யாரும் எதையும் பார்க்கவில்லை" என்றார். சரி, மறுபடி வாருங்கள் என்று என்னைக் கண்டல் (அலையாத்தி) மரங்கள் இருக்கும் பகுதிக்கு அழைத்துப்போய்ப் பாலத்தில் அசையாமல் நிற்கச் சொன்னார். கீழே வெறும் சேறு, சேற்றில் துளைகள். இரண்டு நிமிடம் போயிருக்கும். ஒரு துளையிலிருந்து நண்டு ஒன்று கண்களை மட்டும் நீட்டியது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சேறு முழுக்க நண்டுகள், ஒவ்வோர் ஆணும் தன் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டு. எங்கள் காலடி அதிர்வுக்கு எல்லாம் உள்ளே ஒளிந்திருந்தன. இன்றுவரை என் நடையில் அந்த இரண்டு நிமிட மௌனம் கட்டாயம் உண்டு.

எனக்கு இன்னோர் ஆசிரியரும் வாய்த்தார், படகுத்துறை அருகே குளிர்பானம் விற்கும் பாட்டி. தீவில் ஒருகாலத்தில் இரண்டாயிரம் பேர் வரை இருந்தார்கள், இன்று சில பத்துப் பேர்தான். கிரானைட் குவாரிகள் மூடியதும் வேலை தேடிப் பலர் வெளியேறிவிட்டார்கள். பாட்டி கிணற்று நீரிலும் ஜெனரேட்டர் வெளிச்சத்திலும் பிள்ளை வளர்த்தவர். எந்த ஓடையில் எப்போது நீர் ஏறும், பழைய இறால் குளத்தின் கரை எங்கே உடைந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கைவிட்ட குளங்களில் கண்டலை மீட்க, கன்று நடுவதைவிட அலை நீர் உள்ளே வந்து போக வழி செய்வதே முக்கியம். நீர் சரியாக வந்தால் விதைகள் தாமே வந்து ஊன்றிக்கொள்ளும். அந்த வேலைக்குப் பாட்டி போன்றவர்களின் நினைவு எவ்வளவு பெரிய சொத்து! 2014-இல் உபினின் எதிர்காலத்தைப் பேச அரசாங்கம் அமைப்புகளையும் ஆர்வலர்களையும் குடியிருப்பாளர்களையும் ஒரே மேசைக்கு அழைத்தது சரியான காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீவில் வாழ்ந்தவர்கள் இல்லாத மேசையில் எடுக்கும் முடிவு எனக்கு ஒப்பவே ஒப்பாது.

என் முதல் தனி நடை ஒரு ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் பதினோரு பேர், எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிகள். மரங்களின் பெயர் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் தெரியும். பக்காவ் என்று ஒரு மரத்தைக் காட்டினேன். "அண்ணே, இது சுரபுன்னை" என்றார் ஒருவர். ஊர் பிச்சாவரம் பக்கம், கிள்ளை. அடுத்து நான், புத்தா புத்தா, மலாயில் குருடு என்று பொருள், இதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று சொல்லி வாய் மூடவில்லை, அவர் கைப்பிடியில் சாய்ந்து இலையை உற்றுப் பார்த்தார்.

"இது தில்லைண்ணே. எங்க நடராஜர் கோயில் தல மரம்."

தில்லை என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்து தேவாரத்தில் பாடியிருக்கிறேன். அது ஒரு மரம் என்பது தெரியும். அந்த மரத்தை எட்டு மாதமாக வேறு பெயரில் கடந்துபோயிருக்கிறேன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதற்குப் பிறகு பாதி நடையை அவரே நடத்தினார். சுனாமி அன்று சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எப்படித் தப்பின என்று அவர் சொல்ல, மற்றவர்கள் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டார்கள். வற்று நேரம் முடிந்து நீர் ஏறத் தொடங்கும் வரை யாரும் நகரவில்லை.

என் குறிப்பேட்டில் தமிழ்ப் பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். கடற்புல் வகைகளுக்கு நேராக இன்னும் காலியாகவே இருக்கிறது. அடுத்த மாதம் அவர் தன் விடுதி நண்பர் ஒருவரை அழைத்து வருகிறாராம். ராமேஸ்வரம் பக்கத்துக்காரர், சிறுவயதிலிருந்து கடலில் இறங்கிப் பழகியவர்.