நிற்கும் மரத்தின் கன அளவு: வைவாவில் நான் கோட்டை விட்ட இடம்

வன அளவியலில் எழுத்துத் தேர்வை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். மாட்டிக்கொண்டது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில். மரத்தை வெட்டாமல் விட்டம், உயரத்தை வைத்து அதன் கன அளவைக் கணிக்கும் இரண்டு மாடல்களைக் கையில் வைத்திருந்தேன். ஒன்று, விட்டத்தின் வர்க்கத்தை உயரத்தால் பெருக்கி அதை ஒரே மாறியாக வைத்த நேர்கோட்டு மாடல். இன்னொன்று ஷூமேக்கரும் ஹாலும் 1933-இல் கொடுத்தது. கன அளவு, விட்டம், உயரம் மூன்றுக்கும் லாக் (மடக்கை) எடுத்துப் பொருத்துவது. மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் முதலாவதற்கு 0.96, அடுத்ததற்கு 0.98. "அதனால் லாக் மாடல்தான் மேல்" என்று அடித்துச் சொன்னேன்.

"ஒன்று கன மீட்டர், இன்னொன்று கன மீட்டரின் லாக். இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுத்தீர்கள்?" என்றார் தேர்வாளர். எனக்குப் பேச்சு எழவில்லை.

நீங்கள் அங்கே தடுமாற வேண்டாம். லாக் மாடல் தரும் கணிப்பை முதலில் கன மீட்டருக்குத் திருப்புங்கள்; பிறகு அளந்த மதிப்பிலிருந்து கழித்துப் பிழையைப் பாருங்கள். அல்லது இப்படி வெவ்வேறு அளவில் பொருத்திய மாடல்களை ஒப்பிடுவதற்கென்றே 1961-இல் வந்த ஃபர்னிவல் குறியீட்டைப் போடுங்கள். குறைவாக வருவது நல்ல மாடல். திருப்பும்போது ஒரு சங்கதி உண்டு. வெறுமனே எதிர்மடக்கை எடுத்தால் சராசரி கிடைக்காது, அதைவிடக் குறைவாகவே வரும். இயல் மடக்கையில் பொருத்தியிருந்தால், எச்சங்களின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களின்) மாறுபாட்டில், அதாவது திட்டவிலக்கத்தின் வர்க்கத்தில், பாதியை எடுத்து, அதை e-யின் அடுக்காகப் போட்டு வரும் எண்ணால் பெருக்க வேண்டும். எச்சத் திட்டவிலக்கம் 0.3 என்றால் திருத்தம் சுமார் 4.6 சதவீதம். ஒரு மரத்துக்கு அற்பம்தான். காடு முழுக்கக் கூட்டினால் எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சேரும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது.

சரி, லாக் எதற்கு? எச்சங்களை வரைந்து பார்த்தால் தெரியும். சின்ன மரங்களில் புள்ளிகள் ஒட்டிக் கிடக்கும். மரம் பருக்கப் பருக்கப் புனல் மாதிரி விரியும். லாக் எடுத்தால் அது அடங்கும். லாக் பிடிக்காவிட்டால், சிதறல் அதிகமான பெரிய மரங்களுக்குக் குறைந்த எடை கொடுத்துக் கோட்டைப் பொருத்தும் எடையிட்ட ரெக்ரஷன் போடலாம். நான் படித்த காலத்தில் வரைபடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தேன். அதுதான் வினை.

கணக்குத் தாளில் மார்க் போவது பெரும்பாலும் இதைவிட அற்பமான இடத்தில். நாடாவில் கிடைப்பது சுற்றளவு. மாடல் கேட்பது விட்டம். சுற்றளவு 94.2 செ.மீ. என்றால் விட்டம் 30 செ.மீ. உயரம் 18 மீட்டர் என்று வையுங்கள்: உருளையாக எடுத்தால் 1.27 கன மீட்டர், மரம் மேலே போகப் போகக் குறுகுவதற்கான வடிவக் காரணி 0.45 என்றால் 0.57. மறதியாக 94.2-ஐயே விட்டமாகப் போட்டால் விடை கிட்டத்தட்ட பத்து மடங்கு வரும். அளவிலும் அதே கவனம் தேவை. இதே மரத்தில் விட்டம் 1 செ.மீ. பிசகினால் கன அளவு ஏறக்குறைய 7 சதவீதம் பிசகும். உயரத்தில் முழுதாக 1 மீட்டர் பிசகினாலும் 5.6 சதவீதம்தான்.

விட்டத்தை அளக்கும் இடமான மார்பளவு உயரம், தரையிலிருந்து பல நாடுகளில் 1.3 மீட்டர், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 1.37. மாடல் எதைக் கொண்டு கட்டப்பட்டதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாடல் கட்டிய மாதிரி மரங்களின் விட்டம் 15 முதல் 45 செ.மீ. வரை என்றால், 70 செ.மீ. மரத்துக்கு அந்தச் சமன்பாட்டில் விடை எழுதாதீர்கள்; வரம்புக்கு வெளியே என்று ஒரு வரி எழுதினால் அதற்கே மார்க் உண்டு.

மறுமுறை வைவாவுக்கு ஃபர்னிவல், திருத்தக் காரணி எல்லாம் தலைகீழ்ப் பாடமாகப் போனேன். கேட்டது: "மார்பளவுக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை எப்படி அளப்பீர்கள்?" இரண்டு மரமாக, என்றேன். சரி என்று போகச் சொல்லிவிட்டார்கள். ரெக்ரஷனைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை.